பச்சை இருக்கா?

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பியூலாவின் அக்கா ஹெப்சிபா கோவிலில் எழுந்து நின்றாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை ஆராதனையில் வாசித்து, "ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம்" என்று போதகர் கேட்பது அந்தத் தூத்துக்குடி சபையின் வழக்கம். அதற்கு ஓலை என்று பெயர். கேட்பதுதான் வழக்கம், பதில் சொல்வது வழக்கமில்லை. போதகர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்து முடிவதற்குள் அவகாசம் தீர்ந்துவிடும்.

"ஐயா, எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்றாள் ஹெப்சி.

போதகர் தனசேகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நீ பொண்ணுல்லாம்மா?"

"ஆமாய்யா. பொண்ணுக்குத்தான் ஆட்சேபணை."

முந்நூறு தலைகள் திரும்பின. அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பியூலா, பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு வயது பதினேழு. இந்தக் கூத்துக்கு அடிவேர் அவளிடம்தான் இருந்தது, ஆனால் அது அங்கே வேறு யாருக்கும் தோன்றவில்லை.

போதகர் நல்ல மனுஷர். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். "நீ சொல்லுதது காதுல விழுதும்மா. ஆனா வாய்ல சொன்னதை நான் எந்தக் கணக்குல எடுத்துக்கிட? உன் சம்மதம் மெயில்ல வந்திருக்கு. பச்சையும் இருக்கு."

"அதை நான் அனுப்பலய்யா."

"பச்சை இருக்கேம்மா."

"நான் உங்க முன்னாலதானய்யா நிக்கேன்."

"நிக்க. யாரு இல்லைன்னா? நீ நிக்கதுக்குப் பச்சை இல்லையே."

பின்வரிசையிலிருந்து யாரோ, "ஒரு மறுப்பு மெயில் தட்டிவிடச் சொல்லுங்கய்யா, நேரமாகுது" என்றார்கள்.

"அனுப்பலாம், தடையே இல்ல" என்றார் போதகர். "ஆனா சம்மதம்னு ஒப்பம் போட்ட அதே சாவி இப்ப மறுப்புன்னு போட்டா, முரண்மடல் ஆயிரும். ஒரு வருஷத்துக்குச் சாவியை முடக்கிருவாங்க. அடுத்த மாசம் மண்டபத்துல வேலைக்குச் சேரணும்னு அப்பா சொன்னாங்களே. சாவி இல்லாம எப்படிம்மா சேருவ?"

ஹெப்சி மெல்ல உட்கார்ந்தாள். மண்டபம் என்ற கடலோர ஊரில், கடற்பாசி ஆய்வுக்கூடத்தில் வேலை. இரண்டு வருடம் பரீட்சை எழுதிப் பெற்றது. சேருகிறேன் என்ற ஒற்றை வரியைக்கூட ஒப்பம் போட்டு அனுப்பினால்தான் உள்ளே விடுவார்கள். அப்பா ஜெபசிங் ஆண்கள் பக்கத்திலிருந்து எழவில்லை, திரும்பவுமில்லை. சட்டைப் பையிலிருந்த போனை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

*

உலகம் இப்படி ஆகி நாலு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால், யாருடைய குரலையும் முகத்தையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று ஒரு காலம் வந்தது. செத்துப்போன மாமா வீடியோவில் வந்து சொத்தை மாற்றி எழுதச் சொன்னார். கலெக்டர் குரலில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். மாமியார் குரலில் மருமகளும், மருமகள் குரலில் மாமியாரும் அவரவர் சௌகரியத்துக்குப் பேசிக்கொண்டார்கள். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று ஆனபிறகு, தீர விசாரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. பூட்டி, ஒப்பமிட்டு அனுப்பிய மெயில் மட்டுமே ஒருவருடைய வார்த்தை. மெயிலின் தலையில் பச்சையாக ஒரு டிக் விழும். விழுந்தால் சொன்னது, விழாவிட்டால் சொல்லாதது.

முதலில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும்தான் என்றார்கள். பிறகு பச்சை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மீன்காரியிடம் "நாளைக்குச் சாளை வேணும்" என்றால், "பச்சை போட்டு அனுப்புங்கக்கா" என்றாள். கல்யாணப் பத்திரிகைக்கு "அவசியம் வருகிறோம்" என்று ஒப்பமிட்டுவிட்டு, வரமுடியாமல் போன ஒரு குடும்பம் சமரச மையத்தில் மூன்று நாள் உட்கார்ந்தது. சபையில் எட்வின் என்பவர் இறந்தபோது, 'நலமாக இருக்கிறேன்' என்று மாதாமாதம் தானே போகும்படி அவர் வைத்திருந்த மெயில் பச்சையோடு போய்க்கொண்டே இருந்தது. டாக்டர் கொடுத்த மரணச் சான்று காகிதத்தில் இருந்தது. அடக்கம் பண்ணின பிறகும் ஏழு மாதம் அவர் உயிரோடிருந்தார்.

சட்டம் வந்தபோது, போனில் சாவி அமைக்க ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். பதினாலு படிகள். படித்தவர்களுக்கு ஏழாவது படியில் தலை சுற்றியது. சபையில் யாருக்கும் விளங்காததால், அப்போது பதிமூன்று வயசான பியூலாவைப் பாரிஷ் ஹாலில் ஒரு மேஜை போட்டு உட்கார வைத்தார்கள்.

"அது என்னட்டி ரெண்டு சாவி?" என்று அன்றைக்கு அப்பா கேட்டார்.

"ஒண்ணு பூட்டு மாதிரிப்பா. அதை ஊருக்கே குடுக்கலாம். உங்களுக்கு மெயில் அனுப்புதவங்க அதால பூட்டித்தான் அனுப்புவாங்க. இன்னொண்ணு நெசச் சாவி. அது உங்க போனுக்குள்ளயே இருக்கணும். திறக்கவும் அதுதான், ஒப்பம் போடவும் அதுதான். அது யார்கிட்ட இருக்கோ அவங்கதான் நீங்க."

"யார்கிட்ட இருக்கோ அவங்கதான் நானா?"

"ஆமாப்பா."

அப்பா தன் போனை நீட்டினார். "அப்ப அக்கா சாவியையும் என் போன்லயே போட்டுரு. அவ போனைக் கண்ட இடத்துல வைக்கா."

பியூலா போட்டுக் கொடுத்தாள். ஹெப்சி அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாள். கேட்டதற்கு, "எதையாவது பண்ணு, எனக்குப் பரீட்சை" என்று சொன்னாள்.

எட்டாவது படி பாஸ்வேர்டு. யாருக்கும் தெரியாத, நீளமான வாக்கியமாக இருக்க வேண்டும் என்றது துண்டறிக்கை. அவளிடம் வந்த நூற்றுப்பன்னிரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லாமலே ஒரே வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்: அந்த வருடச் சபைக் காலண்டரில், எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கிய வசனம். "மறக்காதுல்லா?" என்றார்கள். போதகரும் அதையேதான் போட்டார். ஒன்பதாவது படி, சாவியின் நகலைப் பாதுகாப்பான இடத்தில் வைப்பது. "எங்கன வைக்க?" என்று பியூலா ஒவ்வொருவராகக் கேட்டாள். "நீயே வச்சுக்கோம்மா, நீ என்ன தின்னுருவியா?" என்றார்கள்.

அப்படித்தான் ஒரு பழைய டேப்லெட்டுக்குள் நூற்றுப்பன்னிரண்டு மனுஷர்கள் பியூலாவிடம் இருந்தார்கள். அவளுக்கென்று சாவி இல்லை. அதற்குப் பதினெட்டு நிரம்ப வேண்டும்.

*

ஹெப்சி வீட்டில் பேசாமல் இருந்த பெண் அல்ல. ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேஜையில் வேண்டாம், வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேற யாரும் இருக்கானா? இருந்தா சொல்லு" என்பார் அப்பா.

"யாரும் இல்லப்பா. நீங்க பாத்த ஜாஸ்பர் மேலயும் ஒரு குறையுமில்ல. எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம், அவ்வளவுதான்."

"காரணமே இல்லாம ஒருத்தி வேண்டாம்பாளா?" என்று அப்பா அம்மாவைக் கேட்பார். அம்மா குழம்பை நகர்த்தி வைப்பாள்.

கோவிலிலிருந்து வந்த அன்று அப்பா அதட்டவில்லை. "நாளைக்கு நீயே சொல்லுவ, அப்பா நல்லதுதான் செஞ்சாங்கன்னு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டார்.

மூன்றாம் ஓலைக்கு ஒரு வாரம் இருந்தது. பியூலா சனிக்கிழமை வரை யோசித்தாள். அக்காவின் சாவி டேப்லெட்டில் இருந்தது. ஆனால் அக்காள் பெயரில் மறுப்புப் போனால் அக்காள் முடங்குவாள், வேலை போகும். மாப்பிள்ளை பெயரில் போனால்? மாப்பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஊரில் எந்த மாப்பிள்ளையிடம் கேட்டார்கள்? சம்மதமே போகாத இடத்தில் மறுப்பு முரணாகாது. அவளுக்குத் தெரிந்த உலகத்தை வைத்து அவள் போட்ட கணக்கு அது. மாதா கோவில் கோபுரம்போல நேராக நின்றது.

ஜாஸ்பர் துறைமுக வாசல் எடைமேடையில் வேலை பார்ப்பவன். பாரிஷ் ஹாலில் போனை நீட்டும்போதே "தொந்தரவு குடுக்கேன் தங்கச்சி" என்று சொன்னவன். அவன் எப்படி எழுதுவான் என்று பியூலாவுக்குத் தெரியாது. சபையில் ஆண்கள் எல்லோரும் எழுதுவதுபோல 'ஸ்தோத்திரம்' என்று ஆரம்பித்தாள். 'எனக்கு இந்தத் திருமணத்தில் விருப்பம் இல்லை. காரணம் கேட்க வேண்டாம்.' அவன் சாவியை எடுத்தாள். காலண்டர் வசனத்தை அடித்தாள். போதகர் மட்டும் திறக்கும்படி பூட்டினாள். அனுப்பினாள். டிக் பச்சையாக விழுந்தது. அக்காவின் சம்மதத்துக்கு விழுந்த அதே பச்சை.

மூன்றாம் ஞாயிறு, ஓலையை வாசிக்க வேண்டிய இடத்தில் போதகர் மெயிலை வாசித்தார்.

ஜாஸ்பர் எழுந்தான். "ஐயா, இது நான் எழுதல."

"தம்பி, பச்சை இருக்கு."

"என் போன்லயே இப்படி ஒரு மெயில் இல்லய்யா. பாருங்க."

"அனுப்பிட்டு அழிச்சிருப்பீங்க. தப்பில்ல."

"நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே."

"சொல்லியிருக்கீங்க, தம்பி. நேத்து ராத்திரி ஒன்பது இருபதுக்கு."

ஜாஸ்பரின் அம்மா ஞானசெல்வம் பெண்கள் பக்கத்திலிருந்து ஆவேசமாக எழுந்தாள். "எம்புள்ளைக்குப் பூரண சம்மதம்யா. சம்மதம்னு நான்தான அன்னைக்கே அனுப்பி..." என்றவள், பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கோவிலில் பாதிப்பேர் அவரவர் பிள்ளைகளுக்காக ஏதோ ஒன்றை அனுப்பியவர்கள்தான்.

பியூலாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளையின் சம்மதமும் கேட்கப்பட்டிருக்கிறது, அதுவும் போயிருக்கிறது. இப்போது ஜாஸ்பர் பெயரில் இரண்டு மெயில், இரண்டும் பச்சை, ஒன்றுக்கொன்று முரண். இரண்டையும் அவன் எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை அவன் சாவி முடங்கியது. எடைமேடையில் ஒவ்வொரு லாரிச் சீட்டுக்கும் ஒப்பம் போட வேண்டும். ஒப்பம் இல்லாதவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பதினொரு வருடமாக அவனுக்கு வணக்கம் வைத்த காவல்காரர், "நீங்கதான் ஜாஸ்பர்னு எனக்குத் தெரியும் சார், ஆனா எப்படி உள்ள விட?" என்று வருத்தப்பட்டாராம். 'இரண்டு நாக்கு' என்று ஊரில் பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

*

புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு பியூலா அக்காவின் கொசுவலைக்குள் புகுந்தாள். துண்டறிக்கையின் பின்பக்கத்தை அன்றைக்குத்தான் அவள் வாசித்திருந்தாள். பிறர் சாவியைப் பயன்படுத்துவோருக்கு ஏழாண்டு.

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். சொல்லு."

"ஜெயில்ல பொம்பளப் பிள்ளைகளைத் தனியா வைப்பாங்களா?"

ஹெப்சி திரும்பிப் படுத்தாள். பியூலா எல்லாவற்றையும் சொன்னாள். டேப்லெட், வசனம், ஸ்தோத்திரம், ஒன்பது இருபது. அக்கா கட்டிக்கொள்வாள் என்று அவள் நினைத்திருந்தாள். ஹெப்சி எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்காகச் செஞ்ச" என்றாள்.

"ஆமாக்கா."

"அப்பாவும் எனக்காகத்தான் செஞ்சாங்க."

பியூலாவுக்கு அழுகை வந்தது. "அப்பாவும் நானும் ஒண்ணாக்கா?"

"ஒண்ணு இல்ல. அப்பா மாட்டுனது வீட்டுப் பொண்ணை. நீ மாட்டுனது யார் வீட்டுப் பிள்ளையையோ." பிறகு துண்டை எடுத்து நீட்டி, "மூக்கைச் சிந்து. காலையில ஐயாட்ட போவோம். அந்த டேப்லெட்டை எடுத்துக்கோ" என்றாள்.

காலையில் போதகர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பியூலா நின்றுகொண்டே சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்து, "உனக்கு வயசு என்னம்மா?" என்றார்.

"பதினேழு. வர்ற இருபத்திரண்டாம் தேதி பதினெட்டு."

"அப்ப உனக்குச் சாவி இல்ல. நீ சொல்லுததை நான் எங்கன பதிய?"

"நான் சாட்சி, ஐயா" என்றாள் ஹெப்சி.

"உன் சாவி உன்கிட்ட இருக்காம்மா?"

"அப்பா போன்ல இருக்குய்யா."

"ஜாஸ்பர் தம்பி புகார் குடுக்கலாம்" என்றார் போதகர், உதவுகிற ஆர்வத்தோடு. "சாவியைத் திருடிட்டாங்கன்னு சொல்ல ஒரு படிவம் இருக்கு. ஆனா அதுல அதே சாவியாலதான் ஒப்பம் போடணும். அது முடங்கிக் கிடக்கு." அவர் காபியைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்தினார். "பியூலா, என் சாவியும் அதுக்குள்ள இருக்காம்மா?"

"இருக்குய்யா."

"இல்ல, ஒண்ணுமில்ல. என்னைச் சாத்தான்குளத்துப் பக்கம் மாத்துதாங்க. நானே சம்மதிச்சதா மேலிடத்துல மெயில் இருக்காம். நான் அனுப்பல. சின்னவன் என் போன்ல விளையாடிட்டிருந்தான். அதான், உன்னால ஏதாச்சும்..."

"ஐயா" என்றாள் ஹெப்சி.

"சும்மா கேட்டேம்மா" என்று அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவர் முன்னாலேயே ஹெப்சி, டேப்லெட்டிலிருந்து நூற்றுப்பன்னிரண்டு பேரையும் பியூலாவைக்கொண்டு அழிக்க வைத்தாள். தன்னுடையதையும் சேர்த்து. அன்று சாயங்காலம் அப்பாவின் முன்னால் போய் நின்று, "என் சாவியைக் குடுங்கப்பா. இல்லைன்னா வேலைக்குச் சேரல, ஒரு வருஷம் வீட்டுலயே கிடக்கேன்" என்றாள். கல்யாணமும் நின்றுபோய், வேலையும் இல்லாத மகளை ஒரு வருடம் எதிரே வைத்துப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று ஜெபசிங் யோசித்திருக்க வேண்டும். கொடுத்துவிட்டார். முதல் தேதி அவள் மண்டபத்துக்குப் போனாள்.

பியூலா ஊரிலேயே இருந்தாள். இருபத்திரண்டாம் தேதிக்குக் காத்திருந்தாள். ராத்திரியில் லாரிச் சத்தம் கேட்டால் போலீஸ் வண்டி என்று எழுந்து உட்கார்ந்தாள்.

பிறந்தநாளன்று காலையிலேயே சாவியை அமைத்தாள். பதினாலு படியும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். "என் போன்லயே வைக்கலாம்லா?" என்று அப்பா கேட்கவில்லை; பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போய்விட்டார். பாஸ்வேர்டுக்கு அவள் யாரும் காலண்டரில் அச்சடிக்காத ஒரு வாக்கியத்தைப் போட்டாள். பிறகு தன் வாழ்நாளின் முதல் ஒப்ப மெயிலை மாவட்டச் சாவி அலுவலகத்துக்கு எழுதினாள். ஜாஸ்பர் அந்த மெயிலை எழுதவில்லை. நான்தான் அவர் சாவியால் எழுதினேன். தேதி இது, நேரம் இது. தண்டனை எனக்கு, சாவி அவருக்கு. பச்சை விழுந்தது. அம்மா செய்த கேசரியை அப்படியே மூடி வைத்தாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அதுவும் பச்சை.

'தங்கள் மின்மடல் கிடைக்கப்பெற்றது. ஒப்பம் சரிபார்க்கப்பட்டது. தாங்கள் குறிப்பிடும் தேதியில் தங்கள் பெயரில் சாவி ஏதும் பதிவில் இல்லை. சாவி இல்லாத ஒருவர் மின்மடல் அனுப்பியிருக்க இயலாது. எனவே தாங்கள் குறிப்பிடும் செயலைத் தாங்கள் செய்யவில்லை என உறுதி செய்யப்படுகிறது. வாழ்த்துகள்.'

மூன்றுமுறை வாசித்தாள். ஜெயில் இல்லை. ஏழாண்டு இல்லை. அன்றைக்குத் தூங்கியிருக்கலாம், தூங்க முடியவில்லை. மறுநாள் மத்தியானம் கடிதத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு, சைக்கிளில் ஜாஸ்பர் வீட்டுக்குப் போனாள்.

ஞானசெல்வம் கதவைத் திறந்தாள். பியூலா வாசலிலேயே சொன்னாள். அவள் நம்பவில்லை. "பச்சை இருக்கா?" என்றாள்.

"இருக்கு அத்தை. நான் செய்யலன்னு இருக்கு."

"அப்புறம் என்னத்துக்கு வெயில்ல வந்து உளறுத? போ பிள்ள, போய்ப் படி."

உள்ளேயிருந்து ஜாஸ்பர் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. ஒரு மாதமாக உப்பளத்தில், சீட்டும் ஒப்பமும் கேட்காத கூலிக்கு மூட்டை தூக்குகிறான் என்று கேள்வி. கடிதத்தை வாங்கி நின்றபடியே வாசித்தான்.

"அப்ப நானும் எழுதல, நீயும் எழுதல" என்றான்.

"நான்தான் எழுதுனேன், அத்தான்." கல்யாணம் நின்ற பிறகும் வாயில் அதுதான் வந்தது. "உங்க சாவி என்கிட்ட இருந்துச்சு. அக்காளைக் காப்பாத்தணும்னு செஞ்சேன். உங்களைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல. யார்ட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்காங்க."

ஜாஸ்பர் கடிதத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். எடைமேடையில் லாரி ஏறி, முள் ஆடி அடங்கும்வரை பொறுத்திருக்கப் பழகியவன், அவசரப்படவில்லை. அவன் கையில் உப்பு அறுத்த வெடிப்புகள் இருந்தன. பியூலா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் நம்புதேன்" என்றான்.

ஒரு மாதத்தில் முதல்முறையாக, அக்காவைத் தவிர ஒரு மனுஷன் பச்சையைக் கேட்காமல் அவளை நம்பியிருக்கிறான். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

ஜாஸ்பர் கடிதத்தை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தான். பிறகு உள்ளே போய், கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டான்.